டிரஸர் ஐயா சொல்லிட்டாரு

கோர்ஸ் முடிந்து வந்த மறுவாரமே கிழவர் வார்டை என் தலையில் கட்டிவிட்டார்கள். எழுபத்தொன்பதாம் வருஷம் அது. தேயிலைத் தோட்டங்களில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் டிரஸர்களுக்கும் மிஸிகளுக்கும் தலைமைப் பயிற்சி என்று தானா ராத்தா டவுனில் ஒரு கோர்ஸ் வைத்தார்கள். டிரஸர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லாதபோது மருந்து கொடுப்பவர், மிஸி என்றால் நர்ஸ், எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். தலைமை என்ற வார்த்தையைக் கேட்டதுமே எனக்குத் தலைவலிதான் வந்தது. நான் லோரி டிரைவர் சூசைமுத்துவின் மகள் மேவிஸ். ஊசி போடச் சொன்னால் போடுவேன், புண்ணைக் கழுவச் சொன்னால் கழுவுவேன். சொல்கிற இடத்தில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினால் நான் என்னத்தைச் சொல்வேன்?

கோலாலம்பூரிலிருந்து பாடம் நடத்த வந்த மேடம் நல்ல மனுஷி, அவரைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொருவராக எழுந்து நின்று, இந்த வார்டுக்கு நான்தான் இன்சார்ஜ் என்று உரக்கச் சொல்லச் சொன்னார். என் முறை வந்தபோது குரல் தொண்டையிலேயே செத்துவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த கம்போங் ராஜா ஊர்ப்பக்கத்து டிரஸர்கள் சிரித்தார்கள். கடைசி நாள் மேடம் ஒரு கேள்வி கேட்டார். உங்கள் வார்டில் ஒரு உயிர் போனால் யார் பதில் சொல்வது? ஒருத்தர் டாக்டர் என்றார், ஒருத்தர் மேனேஜர் துரை என்றார். நான் டிரஸர் என்றேன். மேடம் அதையும் குறித்துக்கொண்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

எங்கள் தோட்டத்தில் பிறந்த யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். டாக்டர் வாரத்தில் ஒரு நாள் ஜீப்பில் வந்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் டிரஸர் அமிர்தலிங்கம் ஐயாதான். உடம்புக்கு முடியவில்லை என்றால் விடிவதற்கு முன்பே, பெரட்டு மணி அடித்து ஆட்களைக் கணக்கெடுக்கும் முன்பே, அவர் முன்னால் போய் நிற்க வேண்டும். நாக்கை நீட்டு என்பார். டார்ச் அடித்துப் பார்ப்பார். 'படு' என்று சொன்னால் அன்றைக்கு லீவு. 'வேலைக்குப் போ' என்று சொன்னால் போக வேண்டியதுதான், செத்தாலும் மலையில் போய்ச் சாக வேண்டியதுதான். டிரஸர் ஐயா சொல்லிட்டாரு என்றால் அதற்கு மேல் துரைகூடப் பேச மாட்டார்.

எனக்கு ஏழு வயசு இருக்கும்போது என் அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல். என்னையும் கையில் பிடித்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றாள். அம்மாவின் கை என் கைக்குள் கொதித்தது. அவர் நாக்கைப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, வேலைக்குப் போ என்றார். அம்மா கூடையை எடுத்துக்கொண்டு மலையேறினாள். நான் லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து சாயங்காலம் வரைக்கும் மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா திரும்பி வந்துவிட்டாள், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு என் வயிற்றுக்குள் போன பயம் திரும்பி வெளியே வரவே இல்லை. பெரியவளாகி, படித்து, வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு அவர் கீழேயே வேலைக்குச் சேர்ந்த பிறகும் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் எனக்குக் கை வேர்க்கும்.

இப்போது அந்த மனுஷர் என் வார்டில் முதல் கட்டிலில் படுத்திருந்தார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சில வருஷம் ஆகியிருந்தது. பெண்சாதி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. கிழவர் வார்டு என்று நாங்கள் சொல்லும் அந்தப் பழைய கட்டடத்தில் ஆணும் பெண்ணுமாக அவரைப்போல யாருமற்றவர்கள்தான் இருந்தார்கள். ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்தவர்கள், மருந்தடித்தவர்கள், ஃபேக்டரியில் நின்றவர்கள். அவர்களுக்கு நடுவில் டிரஸர் ஐயாவும் ஒரு நோயாளி. மறதி நோய் என்று டாக்டர் சொன்னார். ஐயாவுக்கா மறதி என்று ஆயா பாஞ்சாலை என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டாள். வார்டில் பெருக்குவது, துடைப்பது, ஊட்டிவிடுவது எல்லாம் அவள்தான். அவர் பனியனைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தாலும், ஐயா என்னமோ யோசனையில் இருக்கிறார் என்பாள். பழைய டார்ச்சைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொள்ள விட்டாள். அதை எடுத்துவிடலாமா என்று நான் கேட்டேன். எடுங்களேன் மிஸி, நீங்களே போய் எடுங்களேன் என்றாள். நான் எடுக்கவில்லை. எனக்கென்ன, உயிர் வெல்லமில்லையா?

அந்தத் திங்கட்கிழமை காலையில் பனி கண்ணை மறைத்தது. என் ரூமிலிருந்து வார்டுக்கு ஒரு சாக்கடையைத் தாண்டினால் போதும், அதற்கே தடவிக்கொண்டு போனேன். வாசலுக்கு வந்ததும் என்னவோ போல இருந்தது. அந்த நேரத்தில் வழக்கமாகக் கேட்கும் இருமல் இல்லை, முனகல் இல்லை. பாஞ்சாலையின் வாய்கூட ஓய்ந்திருந்தது.

உள்ளே போனால் எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் ஒவ்வொரு ஆள். குளிரில் முழங்கால் நடுங்க, வேட்டி அவிழ்ந்தது தெரியாமல், கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நாளெல்லாம் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இடுப்பு எலும்பு உடைந்து தகடு வைத்திருந்த முனியாண்டி மாமா அந்தப் பக்கக் காலையே ஊன்றி நிற்கிறார், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. பாஞ்சாலையும் விளக்குமாற்றோடு அவர்கள் வரிசையிலேயே நின்றாள். செத்தவர்கள் எழுந்து நிற்பதுபோல இருந்தது.

டிரஸர் ஐயா கையில் டார்ச்சோடு கடைசிக் கட்டிலிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார். தலை படிய வாரியிருந்தார். முதுகு நிமிர்ந்திருந்தது. ஒவ்வொருத்தரையும் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போகச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். இவர்களும் நீட்டியிருக்கிறார்கள், எழுந்திருக்கிறார்கள். நாற்பது ஐம்பது வருஷப் பழக்கம், உடம்பு தானாக எழுந்துவிட்டது.

உட்காருங்கள், எல்லாரும் படுங்கள் என்று நான் சொன்னேன். ஒருத்தரும் அசையவில்லை. முனியாண்டி மாமாவின் தோளைப் பிடித்து அழுத்தினேன்.

"ஐயா ஒக்காரச் சொல்லலயே மிஸி," என்றார் அவர், பல் கிட்டித்துக்கொள்ள.

மேடம் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. முதுகை நிமிர்த்தினேன். டிரஸர் ஐயாவின் முன்னால் போய் நின்றேன். இந்த வார்டுக்கு நான்தான் இன்சார்ஜ் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் டார்ச்சை என் முகத்துக்கு நேரே அடித்தார்.

"யாரு, சூசமுத்து மவளா? நாக்க நீட்டு."

கேட்கவே வெட்கமாக இருக்கும், ஆனால் அதுதான் நடந்தது. நான் நாக்கை நீட்டினேன். முப்பது வயசுக்காரி, வெள்ளை உடுப்பு, நெஞ்சில் பேர் குத்தியிருக்கிறது, நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். ஒன்றுமில்லை, வேலைக்குப் போ என்றார். என் கால் இரண்டும் வாசலைப் பார்த்துத் திரும்பின. சத்தியமாகச் சொல்கிறேன், நான் திருப்பவில்லை. அவை திரும்பின.

அப்படித் திரும்பியபோதுதான் பக்கத்தில் ஆளே நிற்காத ஒரு கட்டில் கண்ணில் பட்டது. கதவு மறைவில் இருந்த வாசலோரக் கட்டில். அம்மாக்கண்ணு பெரியம்மாவுடையது.

பெரியம்மாவுக்கு இருதயம் பெருத்து, கால் இரண்டும் வீங்கி, நெஞ்சில் நீர் கோத்திருந்தது. மூன்று தலையணை அடுக்கி, சாய்ந்து உட்கார்ந்த வாக்கிலேயேதான் தூங்குவார். கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று போன வாரம்தான் டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பாஞ்சாலையைப் பிடித்து உலுக்கினேன். பெரியம்மா எங்கே என்று கேட்டேன்.

"வேலைக்குப் போயிருச்சு மிஸி. நாந்தான் கதவத் தொறந்து விட்டேன். டிரஸர் ஐயா சொல்லிட்டாருலா, நான் என்னா பண்றது?"

வார்டுக்குப் பின்னாலேயே தேயிலை மலை ஏறுகிறது. பனியில் முதல் வரிசைச் செடிகூடத் தெரியவில்லை. பெரியம்மா, பெரியம்மா என்று கத்திக்கொண்டே ஏறினேன். செடி காலைக் கிழித்தது. நான்கு எட்டு வைப்பேன், நின்று காது கொடுத்துக் கேட்பேன், மறுபடி ஏறுவேன். பின்னால் பாஞ்சாலை அழுதுகொண்டே வந்தாள். என் மனசு முழுக்க ஒரே ஒரு வேண்டுதல்தான் இருந்தது. மாதாவே, அந்த உயிரை என் கையில் வைத்து எடுத்துவிடாதே. எனக்குப் பெரியம்மாவைப் பற்றியும் பயம், என்னைப் பற்றியும் பயம். எது அதிகம் என்று கேட்டால் அன்றைக்கு என்னால் சொல்லியிருக்க முடியாது.

மூச்சுச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற கேத்தல்போல ஒரு சீற்றம். கூடை இல்லை, தலையில் துண்டு இல்லை, ஆஸ்பத்திரி கவுனோடு வெறுங்காலில் நின்று பெரியம்மா கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார். கிள்ளிய கொழுந்தைக் கவுனின் மடியில் சேர்த்து வைத்திருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தார்.

"லேட்டாயிருச்சு தாயி. கங்காணி பாத்தா வைவாரு."

இரண்டு பேரும் தூக்கப் பார்த்தோம். அவர் இரண்டு கையாலும் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டார். வீங்கிப்போன அந்தக் கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. இழுக்க இழுக்க மூச்சு இன்னும் மோசமாக இரைத்தது. மல்லுக்கட்டினால் இங்கேயே நெஞ்சு நின்றுவிடும் என்று புரிந்ததும் கையை எடுத்துவிட்டேன். ஐயா படுக்கச் சொல்லிவிட்டார் என்று ஒரு பொய் சொல்லிப் பார்த்தேன்.

"எங்கிட்ட சொல்லலியே," என்று தலையை ஆட்டினார் பெரியம்மா. "இப்புடித்தான் ஒருத்தி சொன்னான்னு நம்பிப் படுத்தேன் ஒருக்கா. பேர வெட்டி அன்னிக்கிச் சம்பளத்தப் புடிச்சிட்டாங்க."

அவ்வளவுதான், வேறு வழியே இல்லை. பெரியம்மாவைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்லி பாஞ்சாலையை விட்டுவிட்டு நான் கீழே ஓடினேன்.

டிரஸர் ஐயா வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வேலையை முடித்துவிட்டுத் தேத்தண்ணிக்குக் காத்திருக்கும் ஆள் மாதிரி. உள்ளே மற்றவர்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். மேடம் சொல்லிக்கொடுத்த எதுவும் இப்போது நினைவுக்கு வரவில்லை. என் கழுத்தில் தொங்கிய, நெஞ்சை வைத்துக் கேட்கும் குழாயைக் கழற்றி அவரிடம் நீட்டினேன்.

"ஐயா, மேல ஒரு கேஸு. நீங்க வந்து பாத்தாத்தான் ஆகும்."

அவர் குழாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து குழாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நட என்றார். அவர் கையைப் பிடித்து மலை ஏற்றினேன். அந்தக் கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. எலும்பும் தோலுமாக, என் அப்பா கையைப்போலவே இருந்தது. அப்படியிருந்தும் பயம் போகவில்லை. போகும் வழியெல்லாம் ஒரே நினைப்புதான். பார்த்துவிட்டு, பாசாங்கு பண்ணுகிறாள், வேலைக்குப் போ என்று மறுபடியும் சொல்லிவிட்டால்? அப்புறம் பெரியம்மாவின் கையை அந்தச் செடியிலிருந்து யாராலும் எடுக்க முடியாது. நானே கூட்டிக்கொண்டு போய்ச் சாகடித்ததாக ஆகும்.

அவரைப் பார்த்ததும் பெரியம்மா செடியைப் பிடித்தபடியே நிமிர்ந்து நிற்கப் பார்த்தார். நாக்கைத் தானாகவே நீட்டினார்.

"தெனமும் இதே கதைதான் ஒங்களோட," என்றார் டிரஸர் ஐயா.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ஆனால் அவர் கை அதற்குள் குழாயைக் காதில் மாட்டிவிட்டது. பெரியம்மாவின் நெஞ்சில் வைத்தார். இடம் மாற்றி வைத்தார். முதுகுப் பக்கம் போய், மூச்சு இழுக்கச் சொல்லி, அங்கே ஒருமுறை, இங்கே ஒருமுறை வைத்துக் கேட்டார். குனிந்து வீங்கிய காலில் கட்டைவிரலை அழுத்தி, அந்தக் குழி மேலே எழுமா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். எழவில்லை. அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. எங்கள் தோட்டத்தில் யாரும் அந்த முகத்தில் பார்க்காத ஒன்றை நான் அன்றைக்குப் பார்த்தேன். அவருக்கும் பயம்.

குழாயைக் கழற்றிவிட்டுப் பெரியம்மாவின் தோளைத் தொட்டார்.

"படு," என்றார்.

பெரியம்மாவின் கை செடியை விட்டது. மடியிலிருந்த கொழுந்தெல்லாம் கீழே கொட்டியது. அப்படியே பாஞ்சாலை மேல் சாய்ந்துவிட்டார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது, ஆனால் நிம்மதியாக மூச்சு விட அவர் விடவில்லை. டார்ச்சை என் பக்கம் திருப்பினார். குரல் மலையே அதிர எழும்பியது, பழைய டிரஸர் ஐயா குரல்.

"யாரு இவள வேலைக்கு அனுப்புனது?"

பாஞ்சாலை வாயைத் திறந்தாள். நீங்கதாங்க ஐயா என்று சொல்லிவிடப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அதைக் கேட்டால் அந்தக் கிழவருக்கு என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. அந்த முகத்தில் அந்தப் பயத்தைப் பார்த்த பிறகு என்னால் அதைச் சொல்ல விட முடியவில்லை. நான் முன்னால் போய் நின்றேன்.

"நாந்தாங்க ஐயா."

"கண்ணு அவிஞ்சு போச்சா? இது வேலைக்குப் போற ஒடம்பா? இந்த உசுரு போயிருந்தா யாரு பதில் சொல்றது?"

"நாந்தாங்க சொல்லணும்," என்றேன். இந்தத் தடவை குரல் தொண்டையில் சாகவில்லை.

அவர் வைத வசவு கொஞ்சநஞ்சமில்லை. என்னை, என் அப்பனை, எனக்கு வேலை கொடுத்தவனை, எல்லாரையும் இழுத்தார். கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டேன். வைது முடித்ததும், நிற்கிறவர்களையும் படுக்கச் சொல்லலாமா ஐயா என்று கேட்டேன். வேறென்ன, நிற்கவா வைப்பாய் என்று அதற்கும் ஒரு திட்டு. வார்டுக்குள் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினேன். அவர் படுங்கள் என்றதும் எல்லாரும் படுத்தார்கள். முனியாண்டி மாமாவை நான் தூக்கித்தான் கிடத்தினேன். பெரியம்மாவைக் கொழுந்து லோரியின் முன் சீட்டில் சாய்த்து உட்கார வைத்து தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். வழியெல்லாம் நானும் கூடவே இருந்து அவர் மூச்சையே கேட்டுக்கொண்டு போனேன். பிழைத்துத் திரும்பி வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு டாக்டர் என்னிடம் கேட்டார், டிரஸர் ஐயாவை வேறு இடத்துக்கு அனுப்பிவிடலாமா, டார்ச்சையாவது பிடுங்கிவிடலாமா என்று. வேண்டாம், அவர் சொன்னால்தான் இவர்கள் படுப்பார்கள் என்று சொன்னேன். டாக்டரிடம் நான் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பாஞ்சாலை வாசல் பக்கம் நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். கதவுச் சாவி மட்டும் இனி என்னிடம்தான் இருக்கும் என்று அவளிடமும் சொல்லிவிட்டேன்.

தினமும் பெரட்டு மணி அடிக்கும் முன்னால் நான் டிரஸர் ஐயா கட்டிலுக்கு முன்னால் போய் நிற்பேன். ஒவ்வொரு பேராகச் சொல்வேன். முனியாண்டிக்கு இடுப்பு வலிங்க ஐயா. படுக்கட்டும் என்பார். அம்மாக்கண்ணுவுக்கு நெஞ்சு சரியில்லைங்க. அவளா, படுக்கட்டும், படுக்கட்டும். கட்டில்களில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்கள். எனக்கும் உள்ளங்கை வேர்த்திருக்கும். அவர் புத்தி எந்த நாளில் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்?

எல்லாப் பேரும் முடிந்ததும் டார்ச்சை என் பக்கம் திருப்பி நாக்கைக் காட்டச் சொல்வார். நான் நீட்டுவேன். நன்றாகப் பார்ப்பார்.

"ஒனக்கு ஒண்ணுமில்ல," என்பார். "நீ வேலைக்குப் போ."